அம்மாவின் தாடைக்கு அம்மாவைக் கேட்டோமா?

"பல்லு போனால் சொல்லு போச்சு" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். சொல் மட்டுமா போகிறது? முறுக்கு போகிறது, சுண்டல் போகிறது, கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடும் ஆசையும் மெல்லப் போய்விடுகிறது. தாராவியிலிருந்து டோம்பிவிலி வரை, மாட்டுங்காவிலிருந்து முலுண்டு வரை, நம்மவர் வீடுகளில் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒரு தாயோ தகப்பனோ குழையப் பிசைந்த தயிர்சாதத்தை விழுங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். கேட்டால், "வயசாயிட்டுதுல்லா, இது போதும்" என்பார்கள். நாமும் அதை அப்படியே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

ஒரு நாள் பல் செட் நிற்கவில்லை, ஈறு புண்ணாகிவிட்டது என்று பக்கத்துப் பல் டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹட்டி நஹீ ஹை" என்கிறார். எலும்பு இல்லையாம். இம்பிளாண்ட் என்னும் திருகுப்பல் வைக்க வேண்டுமானால், முதலில் தாடையில் எலும்பு சேர்த்துக் கட்ட வேண்டும், அதற்குப் பெயர் போன் கிராஃப்ட், இத்தனை மாதம் ஆகும், இவ்வளவு செலவாகும் என்று சொல்லி ஒரு தாளை நீட்டுகிறார்.

இந்த இடத்தில் நம் குடும்பங்கள் இரண்டு வகையாக நடந்துகொள்வதைப் பார்க்கிறேன். ஒரு சாரார், "இந்த வயதில் எலும்பெல்லாம் எதற்கு?" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார், "அம்மாவுக்காக எவ்வளவு செலவானாலும் சரி" என்று காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். முதல் சாரார் கருமிகள் என்றோ, இரண்டாம் சாரார் ஏமாளிகள் என்றோ நான் சொல்லவில்லை. இருவரும் பாசத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் இருவரும் ஒரே ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். யாருடைய தாடையோ அவரைக் கேட்பதில்லை. கேட்பதற்கு வேண்டிய விவரத்தை நாமும் தெரிந்துகொள்வதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன்.

எலும்பு ஏன் போகிறது?

பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பு பல்லுக்காகவே இருக்கும் எலும்பு. பல் மெல்லும்போது அந்த எலும்புக்கு வேலை கிடைக்கிறது, அதனால் அது உயிர்ப்போடு இருக்கிறது. பல்லைப் பிடுங்கிவிட்டால் அதற்கு வேலை இல்லை. உடம்பு சிக்கனக்காரி. வேலையில்லாத எலும்பைக் கரைத்து எடுத்துக்கொண்டுவிடும். ஒரு பல் எடுத்த இடத்தில் ஓராண்டுக்குள் எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுவதை 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடுகிறது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய விஷயம். "தீபாவளி கழியட்டும், பரீட்சை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் தள்ளிப்போடும் காலம் இருக்கிறதே, அதே காலத்தில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது.

எல்லாப் பல்லும் போய், முழுப் பல் செட் வைத்துக்கொண்டவர்களுக்கும் இந்தக் கரைதல் நிற்பதில்லை. ஆன்ட்யே டால்கிரென் என்ற ஆய்வாளர் செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து 1972-இல் எழுதினார். கீழ்த்தாடையில் கரைவது மேல்தாடையைப்போல் நான்கு மடங்கு என்று கண்டார். "மேல் செட் நன்றாக நிற்கிறது, கீழ் செட்தான் படகு மாதிரி ஆடுகிறது" என்று பெரியவர்கள் சொல்வது வீண் புலம்பல் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும். செட் செய்தவர் மேல் மட்டும் குற்றம் இல்லை. செட் உட்கார்ந்திருந்த மேடே கரைந்துவிட்டது.

பல்லைப் பிடுங்காமலேயே எலும்பு போவதும் உண்டு. நாம் "பயோரியா" என்று சொல்லும் ஈறு நோய் அதைச் செய்யும். வலி இல்லாமல், ஈறில் இரத்தம் மட்டும் காட்டி, பல்லைச் சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். புகையிலை பழக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த ஊரில் மிஸ்ரி என்று புகையிலையை வறுத்துப் பொடித்துப் பல்லில் தேய்க்கும் வழக்கம் இருக்கிறது. பல்லுக்கு உறுதி என்று நினைத்துத் தேய்க்கிறார்கள். அது செய்வது நேர்மாறான வேலை.

எலும்பு வைத்துக் கட்டுவது என்றால் என்ன?

இம்பிளாண்ட் என்பது டைட்டானியம் உலோகத்தாலான சிறு திருகு. அதைத் தாடை எலும்பில் பதித்தால் எலும்பு அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டு இறுகப் பிடித்துக்கொள்கிறது. இந்த உண்மையைக் கண்டறிந்தவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரோனெமார்க். 1950-களில் முயலின் எலும்பில் வேறு ஏதோ ஆராய்ச்சிக்காக வைத்த டைட்டானியக் கருவியை எடுக்கப் போனபோது, அது எலும்போடு ஒட்டி வர மறுத்ததைப் பார்த்தார். 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாகப் பல்லுக்காக அதைப் பதித்தார். லார்சன் 2006-இல் காலமாகும் வரை, 40 ஆண்டுகளுக்கும் மேலாக, அந்தத் திருகுகள் அவருக்கு உழைத்தன.

ஆனால் திருகு நிற்கச் சுவர் வேண்டுமல்லவா? செங்கல் உதிர்ந்த சுவரில் ஆணி அடித்தால் நிற்காது. அதனால்தான் கரைந்த இடத்தில் எலும்புப் பொருளை வைத்து, மேலே மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தி, ஈறைத் தைத்துவிடுகிறார்கள். வைத்த பொருள் பெரும்பாலும் சாரம் கட்டுவது போன்றதுதான். கட்டடம் எழும்ப மூங்கில் சாரம் உதவுவதுபோல, நம் உடம்பின் செல்கள் அதைப் பற்றிக்கொண்டு புது எலும்பை வளர்க்கின்றன. அதற்கு நாலு முதல் ஆறு மாதம் ஆகும். மேல்தாடையின் கடைவாய்ப் பக்கம் எலும்புக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. அங்கே எலும்பு மெலிந்திருந்தால் அந்த அறையின் சவ்வை மெல்ல உயர்த்தி அடியில் எலும்புப் பொருளை நிரப்புவார்கள். அது சில சமயம் ஒன்பது மாதம் வரை பொறுத்திருக்க வேண்டிய வேலை.

என்ன வைக்கிறார்கள் என்று கேட்டீர்களா?

நம்மில் பலர் கேட்காமல் விடும் முதல் கேள்வி இதுதான். எலும்புப் பொருள் நான்கு வகை. முதலாவது, நோயாளியின் சொந்த எலும்பு. மோவாயிலிருந்தோ, கீழ்த்தாடையின் பின்பகுதியிலிருந்தோ, நிறைய வேண்டுமென்றால் இடுப்பெலும்பிலிருந்தோ எடுப்பார்கள். இதில் உயிருள்ள செல்கள் இருப்பதால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எடுத்த இடத்திலும் ஒரு காயம், ஒரு வலி உண்டு. இரண்டாவது, பிற மனிதர் தானமாகத் தந்த எலும்பு. அதைப் பதப்படுத்திக் கிருமி நீக்கித் தருகிறார்கள். நம் மும்பையிலேயே பரேலில் உள்ள டாடா மெமோரியல் மருத்துவமனையில் 1988 முதல் திசு வங்கி ஒன்று இருந்து, எலும்பைக் கதிர்வீச்சால் சுத்திகரித்துத் தரும் பணியைச் செய்து வருகிறது. மூன்றாவது, விலங்கின் எலும்பு. உலகெங்கும் மிக அதிகமாகப் பயன்படுவது மாட்டெலும்பிலிருந்து புரதங்களை நீக்கிச் செய்த மணிகள். மேலே போர்த்தும் சவ்வு பல நேரங்களில் பன்றி அல்லது மாட்டின் கொலாஜனில் செய்தது. நான்காவது, தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்த கால்சியம் பாஸ்பேட் வகைகள்.

மருத்துவ நோக்கில் இவை எல்லாமே சோதித்துப் பார்க்கப்பட்டவை. எதையும் நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் நம் சமூகத்தில் வாழ்நாள் முழுவதும் முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத பாட்டிகள் இருக்கிறார்கள். பன்றியை ஹராம் என்று விலக்கும் இஸ்லாமியப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் என்ன வைக்கப்படுகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லாமல் வைப்பது எந்த நியாயத்தில் சேரும்? விவரம் தெரிந்த பின், "மருந்துதானே, பரவாயில்லை" என்று சொல்பவர்களும் உண்டு. "வேண்டாம், செயற்கையானதை வையுங்கள்" என்பவர்களும் உண்டு. இரண்டும் சரிதான். சொல்ல வேண்டியவர் அவர். மகனோ மருமகளோ டாக்டரோ அல்ல. "சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்" என்று மறைப்பதை நான் பாசம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நடுவில் நிற்கும் நாம்

ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நிற்பது நாம். நான் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் காத்திருந்தபோது கதவு திறந்திருந்ததால் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். டாக்டர் பொறுமையாக, மாதிரித் தாடையைக் கையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் விளக்கினார். நல்ல மனிதர். எல்லாம் முடிந்ததும் அந்த அம்மாள் மகனைப் பார்த்து, "என்னய்யா சொல்லுதாரு?" என்று கேட்டார். மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "ஆபரேஷன் பண்ணணுமாம்மா" என்றார். பத்து நிமிடம் இரண்டே சொல்லாகச் சுருங்கிவிட்டது. அந்த அம்மாள் வேறு எதுவும் கேட்கவில்லை. "நீ பாத்துச் செய்யி" என்றார்.

இதில் கெட்டவர் யாரும் இல்லை. ஆனாலும் அந்த அம்மாள் தன் வாயைப் பற்றிய முடிவில் ஒரு பார்வையாளராகத்தான் இருந்தார். ஊரில் நிலம் விற்கும்போது ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்த தலைமுறை அது. இங்கே வந்த பிறகு மொழி தெரியாத ஒரே காரணத்தால் அவர்களைக் குழந்தைகளாக்கிவிட்டோம்.

மொழிபெயர்ப்பில் விட்டுப்போகும் இன்னொரு விஷயம் அபாயமானது. அது பெரியவர்கள் சாப்பிடும் மருந்து. எலும்புத் தேய்மானத்துக்கென்று வாரம் ஒரு முறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரைகள் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை போடும் சோலெட்ரோனிக் அமில ஊசி உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியும் உண்டு. இவற்றை எடுத்துக்கொள்பவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கினாலோ தாடையில் அறுவை செய்தாலோ புண் ஆறாமல் தாடை எலும்பு அழுகும் நிலை வரலாம். இவற்றில் சோலெட்ரோனிக் அமிலத்தைப் பற்றி 2003-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் இப்படி எச்சரித்தார். அதன்பின் உலகம் முழுவதும் அது உறுதியாகியிருக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்குச் சாப்பிடுபவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மிகக் குறைவு. புற்றுநோய்க்காக அதிக அளவில் இதே ஊசிகளைப் போட்டுக்கொள்பவர்களுக்கு அதிகம். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இதுபோன்ற ஆபத்து உண்டு.

நம் வீடுகளில் நடப்பது என்ன? ஊசி போட்டது திருநெல்வேலியில். சீட்டு இருப்பது ஊர் வீட்டு மரப்பெட்டியில். பல் டாக்டர் இருப்பது செம்பூரில். "சுகர், பி.பி. உண்டா?" என்று அவர் கேட்கிறார். நாம் "உண்டு" என்கிறோம். அதோடு சரி. போன வருஷம் போட்ட ஊசி நமக்கே தெரியாது, அம்மாவிடம் கேட்கவும் தோன்றாது. அம்மாவைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். ஒன்று சொல்ல வேண்டும். இந்த மருந்துகளை யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதா, பொறுப்பதா என்பதை மருந்து கொடுத்தவரும் பல் டாக்டரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லாருக்கும் வேண்டுமா?

வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "எலும்பு இல்லை" என்றால் "எலும்பு வைத்தே ஆக வேண்டும்" என்று பொருள் அல்ல. "எந்தப் பல்லை, எந்த இடத்தில், எப்படி வைக்கப் போகிறோம்?" என்பதைப் பொறுத்ததுதான் எலும்பு போதுமா போதாதா என்பது.

கீழ்த்தாடையில் பல்லே இல்லாத ஒரு பெரியவரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைவாய்ப் பக்கம் எலும்பு வெகுவாகக் கரைந்திருந்தாலும், முன்பக்கம், மோவாய்க்கு மேலே, பெரும்பாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அங்கே இரண்டே இரண்டு இம்பிளாண்ட் பதித்து, அதன்மேல் கழற்றி மாட்டும் செட்டைச் சட்டைப் பித்தான்போலப் பொருத்திவிடலாம். எலும்பு ஒட்டு பெரும்பாலும் தேவைப்படாது. 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாக் கீழ்த்தாடைக்கு முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய சிகிச்சை இதுதான் என்று கருத்துத் தெரிவித்தார்கள். வாய் முழுக்க நிலையான பல் வைப்பதைவிட இதற்குச் செலவும் காலமும் குறைவு. இது தவிர நீளம் குறைந்த இம்பிளாண்டுகள் உண்டு. எலும்பு உள்ள திசையில் சாய்த்துப் பதிக்கும் முறை உண்டு. ஒரு பல்தான் போயிருக்கிறது, பக்கத்துப் பற்கள் உறுதியாக உள்ளன என்றால் பிரிட்ஜ் உண்டு. கவனமாக அளவெடுத்துச் செய்த நல்ல செட்டே போதும் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் விருப்பத்தையும் மதிக்க வேண்டும்.

அப்படியானால் எலும்பு ஒட்டு யாருக்கு? விபத்தில் முன்பல்லோடு எலும்பையும் இழந்த இளைஞனுக்கு அது பெரும் வரப்பிரசாதம். இன்னும் முப்பது, நாற்பது ஆண்டு மெல்ல வேண்டிய நடுத்தர வயதினருக்கு நிச்சயம் யோசிக்கத்தக்கது. வயதானவருக்கும் உடல்நலம் இடம் கொடுத்து, மனதும் விரும்பினால் வயது மட்டும் தடையல்ல. "எழுபது வயதுக்கு மேல் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் கேள்வி: எழுபது வயதில் கண்புரை எடுக்கிறோமே, இனி என்ன படிக்கப் போகிறார்கள் என்று கேட்கிறோமா? கண்ணுக்குக் காட்டும் நியாயத்தை வாய்க்கும் காட்டுவோம்.

வண்டியும் தவணையும்

நம் பெற்றோர் பொங்கல் முடிந்து வருகிறார்கள், வெயில் ஏறுமுன் அல்லது கொடைக்கு முன் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திரும்பிவிடுகிறார்கள். எலும்பு நம் டிக்கெட்டைப் பார்த்து வளராது. எலும்பு வைக்க ஒரு தடவை, ஆறிய பின் திருகு பதிக்க ஒரு தடவை, அது பிடித்த பின் பல் பொருத்த ஒரு தடவை, நடுவில் தையல் பிரிக்க, பார்க்க என்று பல தடவை. முழுதும் முடிய ஓராண்டு ஆகலாம். இதை முதலிலேயே சொல்லி, "இவ்வளவு நாள் இங்கே இருக்கச் சம்மதமா அம்மா?" என்று கேட்க வேண்டும். ஊரிலேயே செய்வது வசதி என்றால் அங்கேயே தொடங்கலாம். பாதி இங்கே, பாதி அங்கே என்றால் ஸ்கேன் படம், வைத்த எலும்புப் பொருளின் பெயர், இம்பிளாண்டின் கம்பெனி, அளவு எல்லாவற்றையும் எழுதி வாங்கிக் கையோடு கொடுத்தனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அங்குள்ள டாக்டர் எந்தச் சாவி எந்தத் திருகுக்கு என்று தெரியாமல் திண்டாடுவார்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுவோம். மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று பலர் நம்பிப் போகிறார்கள். விபத்தால் வந்த காயம் தவிர மற்றப் பல் சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன. கையெழுத்துப் போடுமுன் பாலிசியைப் படியுங்கள். தனியார் மருத்துவமனைச் செலவு கட்டுப்படியாகாதவர்கள் மும்பை சென்ட்ரலில் உள்ள நாயர் பல் மருத்துவக் கல்லூரியையும், சி.எஸ்.எம்.டி. அருகில் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரியையும் நாடலாம். வரிசையும் காத்திருப்பும் உண்டுதான். ஆனால் அங்கே பல துறை மருத்துவர்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். இரண்டாவது கருத்து கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை.

நம்மில் நாற்பது வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று அப்பா அம்மாவுக்கு நடப்பது நாளை நமக்கு நடக்கும். ஈறில் இரத்தம் வந்தால் பேஸ்டை மாற்றாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். பல்லைக் காப்பாற்ற முடியுமானால் காப்பாற்றுங்கள், ஏனென்றால் எலும்பைக் காக்கும் சிறந்த பொருள் உங்கள் சொந்தப் பல்தான். எடுத்தே ஆக வேண்டுமென்றால், எடுக்கும் அன்றே, "இந்தக் குழியில் எலும்பு கரையாமலிருக்க ஏதாவது நிரப்ப வேண்டுமா? காலியிடத்துக்கு எப்போது பல் வைக்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். அன்று செய்யும் சிறு வேலை பிற்பாடு பெரிய வேலையைத் தவிர்க்கலாம்.

சங்கம் செய்யக்கூடியது

"டாக்டருக்குத் தெரியாததா? இத்தனை கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்று சில அன்பர்கள் நினைக்கலாம். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். கேள்வி கேட்கும் நோயாளிதான் சொன்னபடி மருந்து சாப்பிடுவார், சொன்ன நாளில் வருவார் என்பது அவருக்குத் தெரியும். கேள்விக்கே கோபிப்பவரிடம் தாடையை ஒப்படைக்க வேண்டுமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவை இவைதான்:

1. எலும்பு எந்த இடத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது? ஸ்கேன் படத்தில் காட்டுவீர்களா?

2. எலும்பு வைக்காமல் செய்யக்கூடிய வழி என்ன? அதில் என்ன குறை?

3. வைக்கப்போகும் பொருள் எதிலிருந்து செய்தது? சவ்வு எதிலிருந்து? வேறு வகை கிடைக்குமா?

4. இவர் சாப்பிடும் மருந்துகள் இவை. இவற்றால் ஆபத்து உண்டா?

5. மொத்தம் எத்தனை தடவை வர வேண்டும், எத்தனை மாதம், எவ்வளவு செலவு? ஒட்டு பிடிக்காமல் போனால் அடுத்து என்ன, அதற்குச் செலவு யாருடையது?

6. எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

இந்த ஆறு கேள்விகளையும் தமிழில் ஒரு பக்கமும், இந்தி, ஆங்கிலத்தில் மறுபக்கமும் அச்சடித்து நம் தமிழ்ச் சங்கங்கள் உறுப்பினர் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். அச்சுக் கூலி பெரிய தொகை ஆகாது. நம் பிள்ளைகளில் பல் மருத்துவம் படித்தவர்கள், படிப்பவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவர் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து, பெரியவர்கள் கொண்டுவரும் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தமிழில் விளக்கிச் சொன்னால் போதும். அங்கே சிகிச்சை செய்ய வேண்டியதில்லை. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடும் நாம், தமிழ் வளர்ப்பது என்பது தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்குத் துணை நிற்பதும்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

சங்கம் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை பெற்றோரைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, செல்போனைப் பையில் போட்டுவிட்டு, டாக்டர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் உடனுக்குடன் தமிழில் சொல்லுங்கள். அம்மா கேட்கும் கேள்வியை, அது எவ்வளவு சின்னக் கேள்வியாகத் தோன்றினாலும், அப்படியே டாக்டரிடம் கேளுங்கள். கடைசியில், "நீ பாத்துச் செய்யி" என்று அவர் சொன்னால், "இல்லம்மா, நீ சொல்லு" என்று ஒரு முறையாவது திருப்பிக் கேளுங்கள். எலும்பு வைப்பதா வேண்டாமா என்பதற்கு அதன்பிறகு வரும் பதில் எதுவானாலும், அது சரியான பதிலாகத்தான் இருக்கும்.